அழித்த வரி

"மறுபடியும் கறுப்பு மையாம்மா? இப்படி அழிச்சா நான் என்னத்தைப் படிச்சு என்னத்தை எழுதறது?"

பதினாலு வயது திர்சா, புத்தகத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மந்திரம் இருந்தா அழிப்பேன். நம்ம வீட்டுச் சட்டம் தெரியும்ல?" அடுப்பில் கோழி நூடுல்ஸைக் கிளறியபடி சொன்னாள் வெர்னா.

"உன்கிட்ட குடுத்தா சமையல் புத்தகத்துலகூட நாலு மந்திரம் கண்டுபிடிப்பே."

கான்சாஸில் அவர்கள் திருச்சபைப் பெண்களின் இணையதளத்தில், அம்மாவும் மகளும் எழுதும் புத்தகக் கருத்துகளுக்குத் தனி மவுசு. அம்மாவுக்குப் பழங்காலத்துப் பக்திக் காதல் நாவல்கள். மகளுக்கு டிராகனும் சூனியக்காரியும் வரும் இளையோர் கதைகள். அம்மாவின் பேனா மேய்ந்த பிறகுதான் அவை மகள் கைக்கு வரும்.

"நான் படிச்ச நாவலுக்கு அஞ்சுக்கு அஞ்சு ரோஜா மார்க் குடுத்துட்டேன்டி. போர்ல செத்துட்டான்னு நெனச்ச புருஷன், கடைசிப் பக்கத்துல வாசல்ல வந்து நிக்கறான். அழுதே போயிட்டேன்."

"என் கதையிலயும் ஒருத்தன் வர்றான். செத்துப்போன அண்ணனை ஒருத்தி கூப்பிடறா. வர்றது அண்ணன் உடம்பு மட்டும்தான். உள்ள இருக்கறது வேற. அதைத் திருப்பி அனுப்ப ஒரே ஒரு வரி இருக்கு. அதைத்தான் நீ அழிச்சிருக்கே. அது தெரியாம நாளைக்கு நான் எப்படிக் கருத்து போடறது? என்ன வரிம்மா அது?"

"யாருக்கு ஞாபகம்? வாயில நுழையாத பாஷை. பார்த்ததும் அழிச்சிட்டேன்."

"கூப்பிடற வரிகளை மட்டும் விட்டு வெச்சிருக்கே?"

"அது மந்திரமா? 'கர்த்தாவே'ன்னு ஆரம்பிக்குது. நல்ல ஜெபம்டி. எனக்கே புடிச்சுப்போய் ஞாயித்துக்கிழமை முழுசா சத்தமாச் சொன்னேன்."

வெர்னா மேஜையில் மூன்று தட்டுகளை வைத்தாள். தினமும் நடப்பதுதான்.

வெளியே நாய் குரைக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டது. வாசல் மிதியடியில் யாரோ பூட்ஸைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. இடது கால், வலது கால், மறுபடி இடது.

"உங்கப்பா வந்துட்டார். அவர் ஒருத்தர்தான் இப்படித் தேய்ப்பார்."

வெர்னா கையைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். புதுப்பெண் மாதிரி முகம் சிவந்திருந்தது.

திர்சா அந்தக் கறுப்பு மையை நகத்தால் சுரண்டினாள். தாள்தான் கிழிந்தது.

"அம்மா, திறக்காதே! அந்த ஜெபத்தை எங்க வெச்சு சொன்னே?"

"வேற எங்க? உங்கப்பா கல்லறையிலதான்," என்றபடி வெர்னா தாழ்ப்பாளை நீக்கினாள்.