சந்தன நிற வெல்வெட்

கடையில் நாற்பது துணிகளைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் வடிவாம்பாள் அந்தச் சந்தன நிற வெல்வெட்டைத் தேர்ந்தெடுத்தாள். அதைச் சோபாவுக்குத் தைத்துப் போட்ட அன்றைக்கே, மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பையும் விரித்துவிட்டாள்.

"என்ன நியாயம் இது? மூடி வைக்கவா அவ்வளவு தேடி என்னைப் பிடிச்சாங்க?" என்று வெல்வெட் பொரிந்தது.

"அழுக்காயிடுவேல்ல தங்கச்சி, அதான். விருந்தாளி வந்தா என்னை எடுத்துடுவாங்க. அப்போ உன்மேல உட்காருவாங்க, பாரேன்" என்று விரிப்பு சமாதானம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். விரிப்பை எடுத்தார்கள். வெல்வெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவர் வெல்வெட்டைப் பார்த்தார், மழையில் நனைந்த தன் வேட்டியைப் பார்த்தார்.

"ஐயோ, புத்தம் புதுசா இருக்கே! நான் இதுலயே உட்கார்றேன்" என்று கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் விரிப்பு திரும்பி வந்தது.

"அக்கா, இனி யாருமே என்மேல உட்கார மாட்டாங்களா?" என்று கேட்டது வெல்வெட்.



மறுநாள் வடிவாம்பாள் கைதவறிக் காபியைக் கொட்டினாள். எத்தனையோ காபியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துத் தீர்த்த விரிப்பு, அன்று மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே கீழே விட்டுவிட்டது.

வடிவாம்பாள் பதறிப்போய்த் தூக்கிப் பார்த்தாள். வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"போச்சு! இனிமே மூடி வச்சு என்னத்துக்கு?" என்று விரிப்பைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, வெல்வெட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு தங்கச்சி?" என்று மூலையிலிருந்து கேட்டது விரிப்பு.