கழுத்துக்கு வந்த கசடு

நிலவறையில் படுத்திருந்த நுரை ஒயின் பாட்டிலுக்கு மரியநாதன் மேல் நம்பிக்கையே இல்லை. பாட்டில் கழுவ வந்தவன், பழம் பிழிந்து, இப்போது ஒயின் செய்பவனாகவே ஆகிவிட்டான். சும்மாவா ஆகியிருப்பான்?

“தினமும் என்னைக் கொஞ்சம் திருப்பி, தலைகீழாச் சாய்ச்சுட்டுப் போறான். எதையோ உருவப் பாக்கறான்” என்றது.

“அடியில கிடக்கற கசடு கழுத்துக்கு வரத்தான்” என்றது பக்கத்துப் பாட்டில். “கழுவற காலத்துலயே ஒவ்வொரு பாட்டிலையும் விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு ரசிப்பானாம்.”

“நோட்டம் பாத்திருக்கான்.”

ஒருநாள் மரியநாதன் மூடியைத் திறந்தான். கசடு பீய்ச்சிக்கொண்டு வெளியேறியது. சட்டென்று கட்டைவிரலால் வாயைப் பொத்தி, பாட்டிலை விளக்கருகே தூக்கினான். உள்ளே ஒயின் தெளிந்து பொன்னாக மின்னியது. அவன் முகம் மலர்ந்தது.

பாட்டிலோ தரையில் ஓடிய கசடையே பார்த்தது.

“இருந்ததுல நல்லதை உருவிட்டான். அந்தச் சிரிப்பைப் பாத்தியா? திருடனேதான்.”