பெயர் சொல்லாமல்

வேனின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அவள் கையில் தூக்குவாளி. உள்ளே உளுந்தங்கஞ்சி, இன்னும் சூடாக. காப்பகத்தில் காலையில் எல்லோருக்கும் காய்ச்சியதுதான். இந்த வாளியில் மட்டும் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி கூடுதல்.

யாரும் கவனிக்கவில்லை.

பாலத்தின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

அது போதும். தீபாவளிக்குத் தீபாவளி அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு.

மாநகராட்சிக் காப்பகத்தில் அவள் சமையல் செய்கிறாள். பாலத்தடியில் கிடப்பவர்களைக் கூட்டி வரும் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். போதை மீட்பு வார்டிலிருந்து நர்ஸ் பெனிட்டா. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு காசிமாயன், இன்றைக்கு வேட்டி சட்டையில். காக்கியைக் கண்டதும் தூணருகே இருப்பவர் இரண்டு தடவை ஓடியிருக்கிறார்.

நாளைக்குப் பாலத்தடியைச் சுற்றிக் கம்பிவேலி வருகிறது. கடைக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற வழி என்று எழுதியிருந்தார்களாம். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளும் பெண் பிள்ளையை வளர்த்தவள்.

ஆனால் வேலி வந்துவிட்டால் இவர் எந்தப் பக்கம் போவார்?

போன தடவை தொலைந்தவரைத் திரும்பக் கண்ணில் காண வருஷங்கள் ஆயின.

வார்டில் ஒரே ஒரு படுக்கை இருந்தது. மதியம் வரைக்கும்தான் வைத்திருப்பார்கள். மதியம் மதுக்கடையும் திறந்துவிடும். அதற்கப்புறம் அவர் காதில் எதுவும் ஏறாது.

உறவுக்காரர்களை இந்த வேலைக்குக் கூட்டி வருவதில்லை. சொந்தக்காரர் முகத்தைப் பார்த்ததும் தெருவில் கிடப்பவர்கள் கூசிப்போய் ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் அவர் தனக்கு யார் என்று அவள் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

குழுவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவராக எழுந்து அவராக வேனில் ஏற வேண்டும். தெருவில் கிடப்பவரை வருஷக்கணக்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், காதில் விழுந்தால் தன்னால் தலை நிமிரும் என்பாள் பெனிட்டா. பலமுறை அப்படித்தான் நடந்திருக்கிறது.

"நம்ம சத்தத்தக் கேட்டாலே ஓடுறாப்ல. நீங்க கூப்பிடுங்கக்கா," என்றார் காசிமாயன். "பேருதான் ஒருத்தருக்கும் தெரியல."

அவளுக்குத் தெரியும்.

அவள் வாய்தான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்ப்பாள். மகள் சொல்வாள். மகள் இல்லாத இடத்தில் கல்யாணப் புடவை வாங்கிய பையைக்கூடக் காட்டியிருக்கிறாள். அதில் எழுதியிருந்த கடைப் பெயரும் அவர் பெயரும் ஒன்று. அவர் இதை வைத்தே அவளைச் சீண்டுவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காதில் மட்டும் சொல்லேன் என்று கெஞ்சுவார். விளக்கணைத்த பிறகும் அவள் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

சொல்லியிருக்கலாம்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். பெயரின் முதல் எழுத்து உதடு வரைக்கும் வந்தது.

வந்தது வேறு.

"ஏங்க. சாப்பிட வாங்க."

பாலத்தடி முழுவதும் தலைகள் நிமிர்ந்தன.

சாக்கைப் போர்த்திக் கிடந்தவர். பீடியைப் பற்றவைக்கப் போனவர். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தவர். ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு. யாருடைய குரல் என்று கண்களைச் சுருக்கிப் பார்த்தார்.

பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

பெனிட்டா அவளைத் திரும்பிப் பார்த்தாள். காசிமாயன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மட்டும் அசையவில்லை.

"காதுல விழுகலையோ," என்றார் காசிமாயன், குரலைத் தாழ்த்தி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

வீட்டில் முதல் தடவை கூப்பிட்டு அவர் என்றைக்கு எழுந்து வந்தார்? பேப்பரை விரித்தபடி அப்படியே இருப்பார். அடுப்படியிலிருந்து அவள் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டும். நீ இரண்டு தடவை கூப்பிட்டால் சோறு இன்னும் ருசி என்பார்.

தூணருகே ஒரு கை மேலே போயிற்று. சிக்குப் பிடித்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிற்று. வகிடு தேடிற்று.

அவள் தூக்குவாளியை வேனின் படியில் வைத்தாள்.

நடந்தாள்.

தள்ளி நிற்கும்படி சொல்ல பெனிட்டா வாயெடுத்தாள். காசிமாயன் வேண்டாமென்று தலையசைத்தார்.

பீடிக்காரரைத் தாண்டினாள். உட்கார்ந்துவிட்ட பெரியவரைத் தாண்டினாள். அழுக்கும் வேர்வையும் புளித்த வாடையும் அடித்தன. அவற்றுக்கு அடியில் எங்கோ, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு வாசனை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

அந்த முதுகு ஓடவில்லை.

மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டு அது காத்திருந்தது.