மறுபாதி

முதல் வாரம் பாதி மாத்திரைதான் என்றார் டாக்டர். படபடப்பு அடங்கித் தூக்கம் வர நாளாகுமாம். வடிவாம்பாள் மாத்திரையை பிளேடால் நறுக்கி ஒரு பாதியை விழுங்கினாள். மறுபாதியை நாளைக்கென்று சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். காலையில் கிண்ணம் காலியாக இருந்தது.

"எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றான் கணவன் ஞானசெல்வம். "எல்லாத்தையும் போட்டு மனச ஒழப்பிக்காத. என்னையப் பாரு, படுத்தா கட்ட மாதிரி தூங்குறேன்."

உண்மைதான். பதினோரு வருடமாக அவன் குறட்டையைக் கேட்டபடிதான் அவள் விழித்துக் கிடக்கிறாள்.

அன்றிரவு இன்னொரு மாத்திரையை நறுக்கி, சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுபோல, தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே மறுபாதியோடு கிண்ணத்தை வைத்தாள். தூக்கம் வரவில்லை. புரண்டு அவனை எழுப்பிவிடக் கூடாதென்று, வழக்கம்போல் பால்கனியில் போய் உட்கார்ந்தாள். பூட்டிக் கிடந்த எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ நிற்பதுபோலவே படபடப்பாக இருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்து சமையலறை விளக்கைப் போட்டாள்.

கிண்ணம் காலி. தட்டிலிருந்து ஈரச் சொட்டுகள் தரையில் இறங்கிப் படுக்கையறைக்குள் போயின. கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்து நின்றன. ஞானசெல்வம் சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். போர்வைக்கு வெளியே கிடந்த அவன் விரல்நுனிகளைத் தொட்டாள். குளிர்ந்து, நனைந்திருந்தன.

அவள் தன் இடத்தில் படுத்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள் மெல்ல. "கசந்துச்சா?"

குறட்டை நின்றது.

பிறகு, முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக, மறுபடி தொடங்கியது.