கத்துகிற கல்

கொத்தனாருக்கு இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. பாயில் எப்படிப் புரண்டாலும் வலியும் கூடவே புரண்டது. கீழே கடைகள் வைத்த புது மணிக்கூண்டைக் கட்டி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த வேலையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வலி ஒன்றைத்தான்.

மனைவி துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன். வந்தா வாங்க. இல்லன்னா அந்தத் தோளையே கட்டிக்கிட்டு இங்கயே கிடங்க."

"இன்னும் ரெண்டு நாள் பொறு."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க! இந்த ஊர்ல நமக்கு என்ன வெச்சிருக்கு?"

மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. ஜன்னல் கதவு படபடத்தது. தெருமுனையில் நின்ற மணிக்கூண்டு அலறத் தொடங்கியது. காயம்பட்ட எருமையின் குரல் போல நீளமாக, இறங்கி இறங்கி ஏறும் ஓலம்.

கீழே தெருவில் சபைப் போதகரின் ஒலிபெருக்கியும் உடனே உயிர்பெற்றது. "கேட்டீங்களா ஜனங்களே! அநியாயமாக் கட்டின சுவத்துலேர்ந்து கல்லே கத்தும்னு பைபிள்ல ஆபகூக் தீர்க்கதரிசி அந்தக் காலத்துலயே சொல்லிட்டாரு. அவர் சொன்ன சுவரு இந்த மணிக்கூண்டுதான்! இது விழப்போகுது! சுத்தி இருக்கறவங்க ஓடிப் பொழைச்சுக்கோங்க!"

மனைவி பையை இழுத்து மூடினாள். "அந்தச் சாபம் மொதல்ல கட்டின கையைத்தான் தேடி வரும். கடைக்காரங்க பாதிப் பேர் காலி பண்ணிட்டாங்க. நீங்க என்னடான்னா நொடிக்கொரு தரம் ஜன்னலை எட்டிப் பாக்கறீங்க. யாரு வரப்போறாங்க, பொண்ணு பார்க்கவா?"

கொத்தனார் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி ஜன்னலுக்கே போனார். தெருவில் ஒரு வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நான் போறேன்." அவள் பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் மணிக்கூண்டின் முதலாளி. மாடிப்படி ஏறிய இரைப்பு அடங்காமல், சட்டையெல்லாம் வேர்வையாக, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தச் சந்துக்குள் அவர் கார்கூட எட்டிப் பார்த்ததில்லை.

"உன்னைத் தேடித்தான்யா வந்தேன்," என்றார் கொத்தனாரைப் பார்த்து. "ராத்திரி தூக்கம் போச்சு. கடைங்க எல்லாம் காலியாகுது. போதகர்கிட்ட கேட்டா உபவாசம் இருங்கறாரு. உச்சிச் சுவரு நீ கட்டினதுதானே? உண்மையைச் சொல்லு, உள்ள என்ன இருக்கு?"

"காலி பாட்டில்தாங்க," என்றார் கொத்தனார் நிதானமாக. "விளிம்புக்கு அடியில, கீழேர்ந்து பார்த்தா தெரியாத மாதிரி, காத்து வர்ற பக்கம் வாயைத் திறந்துவெச்சு ஒரு வரிசை பதிச்சிருக்கேன். எடுத்துட்டா சத்தம் நின்னுடும்."

மனைவியின் கையிலிருந்து பை நழுவி விழுந்தது. முதலாளிக்கு முகம் கன்றிப்போனது. "அடப்பாவி! எதுக்குடா இந்த வேலை?"

"உங்க வீட்டு கேட்டுல வந்து நாங்க கத்தினது உங்களுக்குக் கேக்கலைங்க. அங்க வேலை செஞ்ச எங்க ஆறு பேருக்கும் மூணு மாசக் கூலி இன்னும் பாக்கி."