பரீட்சைக் கட்டி

“ஏங்கண்ணு, நல்லா வந்தாக்கூடக் குத்தமா?”

மேஸ்திரி பழனியப்பன் போட்ட சத்தம் கடைசி வீடு வரை கேட்டது. குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் நகரவில்லை.

எதிரே நின்றவளும் குரலைத் தணிக்கவில்லை. ஆவணியில் அவர் வீட்டுக்கே மருமகளாகப் போகிறவள். கல்யாணப் புடவைகூட எடுத்துக் கொடுத்தாயிற்று.

“கட்டியோட பலம் இருபது வந்தாப் போதும் மாமா. முப்பத்தெட்டு வந்திருக்கு. எப்படி?”

கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்துவதுதான் அவளுக்கு உத்தியோகம். தன் வீட்டுத் தூணுக்குக் கலந்ததில் வார்த்தது என்று ஒரு கட்டியை மேஸ்திரியே கொடுத்தனுப்பியிருந்தார். வரப்போகிறவள் மெச்சட்டும் என்று.

“கட்டிக்கு மட்டும் சிமெண்டு சேத்திப் போட்டீங்களா?”

அவர் ஒளிக்கவில்லை.

“பரீட்சைக்குப் போற புள்ளைக்கு ரெண்டு இட்லி சேத்தி வெக்கறதில்லையா?”

குழாயடி சிரித்தது.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த ரெண்டு இட்லி கிடைக்காத தூண்களின் மேல்தான் அவளுக்கும் நவநீதனுக்கும் மாடி எழும்பப் போகிறது.

இரும்பானால் வளைந்து காட்டும். கான்கிரீட்டுக்கு அந்த நாசூக்கு கிடையாது.

நின்றபடி நிற்கும்.

நெட்டுவாக்கில் ஒரு கீறல்.

அப்புறம் சத்தம்தான்.

தினம் எட்டுக் கட்டி பார்க்கிறாள்.

“தூணை இடிச்சுக் கட்டுங்க மாமா. இல்லீன்னா மாடி வேண்டாம்.”

“முப்பது வருசமாக் கட்டறேன். நேத்து வந்த மெசினு எனக்குச் சொல்லுதா?”

நவநீதன் புதுச்சுவருக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். கட்டிக்கொள்ளப் போகிறவன். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க.”

அவன் அப்பாவைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

அவள் மறுபடி கேட்டாள்.

மூன்றாம் முறையும் கேட்டாள்.

“அப்பா கட்டினாச் சரியாத்தான் இருக்கும்.”

அவள் சண்டையை அங்கேயே விட்டாள். குழாயடிக்கு அதில் ஏமாற்றம்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் புடவை திரும்பி வந்தது.

ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வேறு மாப்பிள்ளை, தாராபுரம். ஓட்டு வீடாம்.

நவநீதனுக்குக் கார்த்திகையில். பெண் நல்ல வாயாடி. ஆனால் கட்டியெல்லாம் உடைக்கத் தெரியாதவள். மாடியில்தான் குடித்தனம்.

மேஸ்திரி மட்டும் தன் கட்டிலைக் கூடத்திலிருந்து தூக்கி வாசலில் போட்டுக்கொண்டார்.

காற்றுக்காகவாம்.

மார்கழியில்.