பூவில் ஒரு மஞ்சள் கோடு

ஹெஸ்டரின் தோட்டத்தில், பிப்ரவரிச் சேற்றில் மண்டியிட்டு, ஸ்னோடிராப் என்னும் குளிர்காலக் கிழங்குப் பூக்களை வளர்ப்போர் சங்கத் தலைவர் ஆப்ரி பூதக்கண்ணாடியை ஒரு பூவின் மேல் பிடித்தார். வெள்ளை இதழில் ஒரு மஞ்சள் கோடு.

"புது ரகம்தானே சார்? என் பேரை வைப்பீங்களா?" என்றாள் ஹெஸ்டர்.

"ரகமாவது மண்ணாவது! இது வைரஸ்மா. பாத்தி முழுக்கத் தோண்டி எரிச்சிடுங்க."

"முப்பது வருஷமா வளர்த்தது சார்! நூத்திப்பத்து ரகம்!"

"ஒண்ணுகூடத் தேறாது. எந்த மடையன் இந்த நோய்க் கிழங்கை உங்க தலையில கட்டினான்?"

ஹெஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் சார். அபூர்வ ரகம், அழிஞ்சிடக் கூடாதுன்னு, உங்க பேர் வெச்ச பூவை நம்ம சங்கத்துல நாப்பது பேருக்கும் ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தீங்களே! அதைத்தான் நட்டநடுவுல வெச்சேன்."

ஆப்ரி பூதக்கண்ணாடியை மறுபடி பூவின் மேல் வைத்தார்.

"நாப்பது தோட்டத்துலயும் இப்ப மஞ்சள் கோடுதான் சார். எல்லாரும் புது ரகம்னு உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்க."